பாட்டிலை எடுக்குமுன்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டது. குண்டுமல்லித் தோட்டங்களில் தண்ணீரை நிறுத்திக் கவாத்துக்குத் தயாராகும் நேரம். நர்சரிக்கு வருகிறவர்களோ, "வாங்கும்போது பூவும் மொட்டுமா இருந்துச்சு, ரெண்டு வருஷமா ஒண்ணுகூட இல்லை. என்ன மருந்து ஊத்தலாம்?" என்கிறார்கள். நாமும் யோசிக்காமல் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

குண்டுமல்லி புதிதாக ஓடும் தளிரில்தான் மொட்டு வைக்கும். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு விவசாயி வெட்டித் தள்ளுவது அதற்காகவே. வீட்டுக்காரருக்குக் கத்தரி வைக்க மனசு வருவதில்லை. நீளவிட்டுக் கம்பியில் கட்டி, மாதாமாதம் யூரியாவும் கரைத்து ஊற்றுகிறார். இலை கரும்பச்சையாகத் தழைக்கிறது, பூ எங்கே வரும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செடிக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்தும், மணிச்சத்து, சாம்பல்சத்து தலா 120 கிராமும் பரிந்துரைக்கிறது. அது வயல் கணக்கு. தொட்டியில் அப்படியே கொட்டினால் வேர் கருகிவிடும். நமக்கு வேண்டியது அந்த ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம்தான்.

கவாத்து செய்யும் கையோடு செடியைத் தொட்டியிலிருந்து கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல தொட்டிகளில் மண்ணே இராது, வேர்தான் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடக்கும். வெளிச்சுற்று வேரை நறுக்கி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து மறுபடி வைக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் தெளியும். மொட்டு வந்து ஊதாவாகி உதிர்கிறது என்றால் அது மொட்டு ஈயின் வேலை, வைத்தியமும் வேறு.

வடக்குப் பார்த்த பால்கனிக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை. வெயில் படாத வீட்டுக்கு மல்லிகையை விற்றது நம் தவறு, செடியின் தவறல்ல.

பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாதிமல்லிக்குக் கவாத்து டிசம்பர் கடைசியில், முல்லைக்கு ஜனவரி கடைசியில். எல்லாவற்றையும் 'மல்லி' என்று சொல்லி ஒரே நாளில் வெட்டவைக்கிறோம்.

இந்த வாரம் கேட்டு வருகிறவருக்கு ஒரு கத்தரி விற்றுவிடுங்கள். மார்ச்சில் மொட்டோடு வருவார்.