பொய்யால் கட்டிய வேலி

திரைப்படம் ஒன்றைக் குறித்து மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பது வியப்பன்று. வெளிவந்து இருபது ஆண்டுகள் கடந்தும் அவ்வழக்கு தீராதிருப்பதே வியப்பு. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகியில் 1970-இல் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கத்தோலிக்கப் பள்ளியில் பயின்ற மனோஜ் நைட் ஷியாமளன் இயக்கிய 'தி வில்லேஜ்' அத்தகைய படம். 2004 ஜூலை 30 அன்று திரைக்கு வந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் ஐந்து கோடி டாலர் ஈட்டிய அப்படம், மறுவார இறுதியில் அதில் மூன்றில் ஒரு பங்கையே ஈட்டியது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒற்றை நட்சத்திரம் அளித்து ஒதுக்கினார். அதனையே இயக்குநரின் ஆழமான படைப்பென்று போற்றுவோரும் உளர்.

கதை இதுதான். காடு சூழ்ந்த சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை, பேச்சு, விளக்கு. காட்டில் கொடிய உயிரினங்கள் உண்டு, எல்லையைக் கடத்தலாகாது, சிவப்பு நிறம் அவற்றை ஈர்க்கும் என்பது மூப்பர்கள் கற்பித்த பாடம். லூசியஸ் என்னும் இளைஞன் கத்திக்குத்துப் பட்டுச் சாகக் கிடக்கிறான். அவனை நேசிக்கும் பார்வையற்ற பெண் ஐவி மருந்து தேடி எல்லை கடக்கிறாள். அப்போதுதான் நமக்கு உண்மை விளங்குகிறது: காலம் நம் காலமே, உயிரினங்களோ மூப்பர்கள் அணிந்த வேடங்களே. நகரத்து வன்முறைக்கு உறவுகளைப் பறிகொடுத்தோர் ஒன்றுகூடி, பிள்ளைகளைக் காக்க அமைத்த ஊர் அது.

"அச்சுறுத்தும் படம் என்று அழைத்து ஏமாற்றிவிட்டார்" என்பது ஒரு சாராரின் குறை. "முடிவை முன்பே ஊகித்துவிட்டோம்" என்பது மற்றொரு சாராரின் பெருமிதம். இவை நம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்யவில்லை. நம்மைக் கலங்கச் செய்வது மூன்றாவது கருத்து. "மூப்பர்கள் செய்ததில் பிழையென்ன? கெட்டுப்போன உலகிலிருந்து பிள்ளைகளைக் காப்பது பெற்றோர் கடமையன்றோ?" என்று நம் வானகரத்துப் பங்கு மக்களிடையேயும் கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

காப்பது கடமைதான், ஆனால் அந்த ஊரில் காக்கப்பட்டோர் யாவர் என்று பாருங்கள். படம் தொடங்குவதே ஒரு சிறுவனின் அடக்கத்தில். மருந்தில்லாமல் இனியும் எவரும் சாகலாகாது என்றே லூசியஸ் எல்லை கடக்க அனுமதி கோருகிறான். மூப்பர்களின் இரகசியத்திற்கு முதல் விலை ஒரு குழந்தை. கத்தி எடுத்த நோவா மனவளர்ச்சி குன்றியவன். மூப்பர்கள் ஒளித்துவைத்த வேடத்தை அணிந்து காட்டில் அலைந்து, குழியில் விழுந்து மடிகிறான். அவனது சாவைக்கூடத் தங்கள் பொய்க்குச் சான்றாக்கி, ஊரைத் தொடர்ந்து நடத்த மூப்பர்கள் எழுந்து நின்று ஒப்புதல் தருகின்றனர். வன்முறையை வெளியே விட்டுவிட்டோம் என்று நம்பியவர்களின் வீட்டுக்குள்ளேயே அது பிறந்தது. விலை கொடுத்தோரோ குழந்தை, பார்வையற்றவள், மனவளர்ச்சி குன்றியவன். பொய்யைத் தீர்மானித்தவர்கள் ஒருவரும் காட்டுக்குள் போகவில்லை.

"அப்படியானால் துறவு மடங்களும் தவறா?" என்று வினவலாம். அல்ல. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் அருட்தந்தையர் மொன்ஷானினும் லெ சோவும் நிறுவிய சாந்திவனத்தை எண்ணிப் பாருங்கள். அங்கு ஒதுங்கி வாழ்வோர் தாமே விரும்பி ஒதுங்கினர். எச்சமயத்து விருந்தினர்க்கும் அதன் வாயில் திறந்திருக்கிறது. படத்துச் சிற்றூரின் பிள்ளைகளோ எதனையும் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்ய வேறொன்று உண்டென்பதே அவர்களுக்கு மறைக்கப்பட்டது.

இதை அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட நமக்கு உரிமை உண்டா? பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் உயர்ந்துவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் காண்கிறோம். மதிலும் காவலாளியும் கள்வரைத் தடுக்கும், அதில் குறையில்லை. அம்மதிலுக்குள் வளரும் குழந்தைக்கு, வெளியே வாழ்பவரெல்லாம் அஞ்சத்தக்கவர் என்று கற்பிக்கும்போதுதான் மூப்பர்களின் பாடம் தொடங்குகிறது. நாள்தோறும் வீட்டைத் துப்புரவு செய்யும் பணிப்பெண்ணை ஐயத்தோடு நோக்கப் பழகிய குழந்தை, பின்னாளில் யாரை அயலாராக ஏற்கும்?

சாதிச் சுவர்களின் வரலாறும் இதுவே. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஒரு மதில் சரிந்து தலித் குடும்பங்களின் வீடுகள்மேல் விழுந்ததில் 17 பேர் மாண்டனர். வெட்கத்தோடு மற்றொன்றையும் கூற வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பிய சுவர், கிறிஸ்தவரே எழுப்பியது. ஒரே திருமுழுக்குப் பெற்று ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர், மண்ணுக்குள் சென்ற பின்னும் தீண்டலாகாது என்று அஞ்சியது எந்தப் பூதத்தைக் கண்டு?

இந்தச் சுவர்கள் யாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டுக்கதை உண்டு. அப்பால் இருப்பவன் தூய்மையற்றவன், ஆபத்தானவன் என்று யாரோ ஒரு மூப்பர் வேடம் புனைந்து காட்டியிருக்கிறார். நாம் நம்பினோம்; நம் பிள்ளைகளுக்கும் சொன்னோம்.

அச்சத்தால் கதவடைத்த அறையில்தான் உயிர்த்த ஆண்டவர் முதலில் தம் சீடருக்குத் தோன்றினார். ஆனால் அவர்களை அங்கேயே இருத்தவில்லை, வெளியே அனுப்பினார். உலகின் மகிழ்வும் துயரும் திருச்சபையின் மகிழ்வும் துயருமே என்னும் கருத்தோடு, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டை வழங்கியதும் அவ்வழியிலேயே.

எனவே, படத்தின் திருப்பம் சிறந்ததா, சப்பென்று போயிற்றா என்னும் வழக்கை விரும்புவோர் தொடரட்டும். நமக்குரிய வேலை வேறு. குடியிருப்போர் சங்கத்திலோ பங்குப் பேரவையிலோ மதில் எழுப்பவோ உயர்த்தவோ தீர்மானம் வரும்போது, எழுந்து நின்று இரண்டு கேள்விகளைக் கேட்போம்: நாம் யாரைக் கண்டு அஞ்சுகிறோம்? அவ்வச்சத்தை நமக்குக் கற்பித்தவர் யார்? விடை தெரியும்வரை அத்தீர்மானத்தில் கையொப்பமிடாதிருப்போம்.