‘ஓரக்கண்ணால ரோட்டைப் பாத்துக்கலாம்’... வண்டி ஓட்டும்போது அது ஏன் நடக்காது?

இந்த வரியில் உள்ள ‘கண்’ என்ற சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். பார்வையை நகர்த்தாமல், நாலு வரி கீழே இருப்பதைப் படிக்க முடிகிறதா? எழுத்துகள் இருப்பது தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது. ஸ்கிரீனில் கோளாறு இல்லை. எல்லோருடைய கண்ணும் அப்படித்தான்.

தெளிவாகத் தெரிவது எவ்வளவு?

கையை நேராக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் சுமார் 2 டிகிரி. நமக்கு மிகத் தெளிவாகத் தெரிவது அவ்வளவு இடம்தான். அங்கிருந்து 20 டிகிரி தள்ளிப் போனால் கூர்மை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஏன் இப்படி?

விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சின்னக் குழி இருக்கிறது. அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர். நுணுக்கத்தையும் நிறத்தையும் பிரித்தறியும் கூம்பு செல்கள் இங்குதான் நெருக்கமாக இருக்கின்றன. இதன் மையத்தில் ஒவ்வொரு கூம்பு செல்லுக்கும் மூளைக்குத் தகவல் அனுப்பக் கிட்டத்தட்ட தனி லைன் உண்டு. ஓரத்திலோ பல செல்கள் ஒரே லைனைப் பகிர்ந்துகொள்கின்றன. மூளையும் நடுப்பகுதிக்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

ஓரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனியாக நிற்கும் ஒரு எழுத்து தெரிந்துவிடும். பக்கத்தில் நாலு எழுத்து சேர்ந்தால் எல்லாம் குழம்பிவிடும். அசைவையும் மங்கிய வெளிச்சத்தையும் பிடிப்பதில் மட்டும் ஓரப் பார்வை கெட்டி.

நமக்கு ஏன் தெரிவதில்லை?

கண் விநாடிக்குச் சுமார் 3 முறை தாவுகிறது. எதைப் பார்க்க நினைத்தாலும், பார்க்கும்போது அது தெளிவாகவே இருக்கும். அதனால் எல்லாமே ஹெச்டி என்று நம்பிவிடுகிறோம். பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்துகிறது. கண் பார்க்கும் இடத்தை மட்டும் முழுத் தரத்தில் காட்டி, மற்றதில் தரத்தைக் குறைத்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

கேமில் இது லாபம். ரோட்டில் ஆபத்து.

2 விநாடி, 33 மீட்டர்

மடியில் இருக்கும் போனில் மெசேஜ் படிக்கும்போது, சாலை முழுக்க ஓரப் பார்வைக்குப் போய்விடுகிறது. ரோடு தெரிகிற உணர்வு மட்டும் அப்படியே இருக்கும். பெயின்ட் அழிந்த வேகத்தடை, பள்ளம், கூட்டத்தில் ரோட்டைக் கடக்கும் ஒருவர் என நமக்குத் தேவையான விவரங்களைத்தான் ஓரக்கண் முதலில் தவறவிடும். அசைவைப் பிடிக்குமே என்றால், நேர் முன்னே வேகம் குறைக்கும் வண்டி பக்கவாட்டில் அசைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகத்தான் தெரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்பது சுமார் 33 மீட்டர்.

கையில் போனைப் பிடித்து ஓட்டுவதை 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து கையிலிருந்து ஸ்டாண்டுக்கு மாற்றினால் மட்டும் போதாது. கை ஃப்ரீ ஆனாலும் கண் ஃப்ரீ ஆகாது. மேப் வேண்டுமென்றால் குரல் வழிகாட்டுதலை ஆன் செய்யுங்கள். மெசேஜ் வந்தால் ஓரமாக நிறுத்திப் படியுங்கள். “நான் பழகிட்டேன், சமாளிச்சுக்குவேன்” என்பவர்களுக்கும் இது பொருந்தும். அனுபவம் கூடினாலும் ஃபோவியாவின் அகலம் கூடாது.