உங்கள் எம்.பி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பிய எம்.பி அங்கே என்ன செய்கிறார்? பாதி பதில் போனிலேயே இருக்கிறது.

நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் எம்.பி-யின் பெயரைத் தேடினால், அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் கிடைக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். இவற்றுக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார். நட்சத்திரமிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். வருகைப்பதிவு, விவாதக் கணக்குகளை பி.ஆர்.எஸ் அமைப்பின் தளத்தில் பார்க்கலாம். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்பதில்லை என்பதால், அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தால் திட்ட வேண்டாம்.

ஆனால், ஓட்டு விஷயம் வேறு. பெரும்பாலான மசோதாக்கள் 'ஆம்', 'இல்லை' என்ற குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று பதிவாகாது. 'டிவிஷன்' எனப்படும் வாக்குப்பதிவு நடந்தால்தான் ஒவ்வொருவரின் ஓட்டும் பெயரோடு பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அது கட்டாயம். 2023-ல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-2 என நிறைவேறியது அப்படித்தான்.

அப்போதும் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால், 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். ஆக, ஓட்டு காட்டுவது பெரும்பாலும் கட்சியின் முடிவை, எம்.பி-யின் சொந்த அக்கறையைக் காட்டுவது அவர் கேட்கும் கேள்விகள்தான்.

எனவே எண்ணிக்கையோடு நிற்காமல், உங்கள் ஊர் ரயில், மருத்துவமனை, குடிநீர் பற்றி ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை தொகுதிக்கு வரும்போது நீங்கள் கேளுங்கள்!