கால் சுற்றா, பத்து டிகிரியா?

தோட்டா என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோ சுடுவார், வில்லன் சாய்வார், பித்தளைக் கூடு 'டங்' என்று தரையில் விழும். அதோடு சீன் முடிந்தது. ஆனால் அந்தக் கூட்டின் கதை அதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது என்றால் நம்புவீர்களா நண்பர்களே?

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருக்கும் பலர் சுட்ட கூட்டைத் தூக்கி எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புதிதாக பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி உபயோகிக்கிறார்கள். இதற்கு 'ரீலோடிங்' என்று பெயர். செலவு குறையும், குறியும் துல்லியமாகும் என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆகவே யாரும் ஃபிட்டிங் ஷாப்பில் முயற்சி பண்ண வேண்டாம்! ஆனால் அந்த வேலைக்குள் இருக்கும் பாடம் மெக்கானிக்கல் மாணவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

கூடு செய்யப்படுவது 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம் சேர்ந்த பித்தளையில். மெட்டலர்ஜி பேப்பரில் 'கார்ட்ரிட்ஜ் பிராஸ்' என்று நாம் மனப்பாடம் பண்ணுவது இதைத்தான். .308 வின்செஸ்டர் என்ற ரகத்தில் சுடும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூடு விரிந்து துப்பாக்கியின் சேம்பர் சுவரில் ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. எலாஸ்டிக் லிமிட் தாண்டிவிட்டதல்லவா!

இதைத்தான் பிரஸ்ஸில் மாட்டி, எண்ணெய் தடவி, கடினமான எஃகு டைக்குள் அழுத்தி 'ரீசைஸ்' செய்கிறார்கள். எண்ணெய் குறைந்தால் கூடு டைக்குள் மாட்டிக்கொள்ளும். கூடினால் தோள் பகுதியில் பள்ளம் விழும். இன்னொரு வேடிக்கை: உடம்பை நெருக்கும்போது உலோகம் மேல்நோக்கி ஓடும். எனவே பாதி அழுத்திய கூடு, அழுத்தாத கூட்டைவிட நீளமாகிவிடலாம். அப்போது போல்ட் மூடாது.

'அப்படியானால் முழுசா அழுத்திட வேண்டியதுதானே?' என்பீர்கள். வம்பே அங்கேதான். டை ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகு இன்னும் எட்டில் ஒரு சுற்றோ கால் சுற்றோ இறக்கு என்பது புதிதாகக் கற்பவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விதி. அவரும் அப்படியே செய்கிறார். ஆனால் தோள் பின்னால் போக வேண்டிய அளவு, போல்ட் ஆக்ஷன் ரைஃபிளுக்கு சுமார் ரெண்டு தௌ, அதாவது 0.05 மில்லிமீட்டர். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்றுக்கு 1.81 மில்லிமீட்டர் இறங்கும். கால் சுற்றுக்கு 0.45. தேவையான 0.05-க்கு? சுமார் 10 டிகிரி திருப்பினால் போதும்! பிரஸ்ஸின் தொய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான்.

தோள் அதிகமாகப் பின்னால் போன கூடு சேம்பருக்குள் தளர்வாக உட்காரும். சுட்டதும் மெல்லிய முன்பகுதி சுவரைப் பிடித்துக்கொள்ள, தடித்த அடிப்பகுதி பின்னால் நகரும். இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம் மெலிந்து மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிரியும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். நூறு தடவை சரியாக நடந்த வேலைதான். ஆனால் அளக்காமல் நடந்த வேலை. 'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பித்தளைக்கு நாம் கொடுத்த பலமெல்லாம் அதற்குள் தங்கிவிடும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கூடுகள் தானாக வெடிப்பு விட்டன. பருவத்தில் வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். அளவாகச் சூடேற்றி ஸ்ட்ரெஸ்ஸைப் போக்குவதே மருந்து. இன்றைக்கும் பித்தளைக் கூட்டை அம்மோனியா கலந்த திரவத்தில் கழுவாதே என்று எச்சரிப்பது இதனால்தான்.

சரி, இப்போது நம் ஷாப்புக்கு வருவோம். நாம் என்ன செய்கிறோம்? ஜாப் சேரவில்லையா, இன்னும் ரெண்டு இழு ராவு. சேர்ந்துவிட்டதா, பளபளப்பாகத் துடைத்து சாரிடம் காட்டு. வெர்னியர் எடுப்பது ரெக்கார்டு நோட்டில் எழுதத்தான். அதுவும் பக்கத்து பெஞ்ச் நண்பனின் ரீடிங்! கேஜ்களோ பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்குகின்றன. 'மூணு மணி நேர பிராக்டிகலில் அளந்துகொண்டே இருந்தால் ஜாப் எப்போது முடியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அளக்கிற இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்து, கெட்டுப்போன ஜாப்பை மறுபடி செய்ய இரண்டு மணி நேரம் கொடுக்கிறோமே, அது எந்தக் கணக்கு? நாளை கம்பெனியில் டிரெய்னியாகப் போகும்போது அங்கே ஒரு டையின் விலை நம் பல மாதச் சம்பளம். அழுத்தும் பிரஸ்ஸுக்குக் கை என்றும் தெரியாது, இரும்பு என்றும் தெரியாது.

.308-க்கு 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ-கோ' கேஜ் 1.634 அங்குலம். நடுவில் வெறும் நாலு தௌ. அதற்குள் இருப்பவனுக்குப் பெயர் தொழில் தெரிந்தவன். பிரஸ் கைப்பிடியை இழுக்க யாராலும் முடியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் டிப்ளமோ!

ஆகவே என் யோசனை இரண்டு. முதலாம் ஆண்டிலேயே கேஜ்கள் பீரோவை விட்டு மாணவர் கைக்கு வரட்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று ஜாப் கார்டில் எழுதி, அதற்கும் தனி மார்க் போடட்டும். மாணவர் மன்றம் இதைத் துறைத் தலைவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கேஜ் கைக்கு வந்த பிறகு பக்கத்து பெஞ்ச் ரீடிங்கை எழுதாமல் இருக்க வேண்டியது நம் பொறுப்பு!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்