எல்லாமே முக்கியம்னா எப்படி பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக சர்வே ஃபார்மும் கையுமா அலையுறீங்களா? ‘செல்போன் வாங்கும்போது பேட்டரி முக்கியமா, கேமரா முக்கியமா, விலை முக்கியமா?’னு கேட்டிருப்பீங்களே... எல்லாத்துக்கும் ‘மிக முக்கியம்’னு டிக் விழுந்திருக்கும். டிக் அடிக்கக் காசா, பணமா? அதை வெச்சு நீங்க என்ன முடிவுக்கு வர முடியும்?

கடைக்குப் போனா கதையே வேற. ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விட்டுக்கொடுக்கணும். கேள்வியையும் அப்படியே அமைச்சா, அதுதான் ‘கன்ஜாய்ன்ட் அனாலிசிஸ்’. 1964-ல் லூஸும் டூக்கியும் போட்ட கணித அஸ்திவாரத்தை, 1971-ல் மார்க்கெட்டிங் பக்கம் கொண்டு வந்தவங்க பால் கிரீன், விட்டலா ராவ்.

1980-களின் தொடக்கத்துல அமெரிக்காவின் மாரியட் நிறுவனம், நடுத்தர விலையில புதுசா ஹோட்டல் தொடங்க நினைச்சது. ரூம், சாப்பாடு, பாதுகாப்புனு சுமார் 50 அம்சங்களை 7 பிரிவாக்கி, விலையோடு பயணிகள் முன்னால வெச்சாங்க. எதுக்குக் காசு தருவாங்க, எது இல்லாட்டியும் பரவாயில்லைனு புரிஞ்சது. 1983-ல் ‘கோர்ட்யார்ட்’ ஹோட்டல் பிறந்தது.

நீங்களும் செய்யலாம். பேட்டரி, கேமரா, மெமரி, விலைனு 4 அம்சம். ஒவ்வொண்ணுக்கும் 3 நிலை. மொத்தம் 81 போன்! அத்தனையும் காட்டினா ஆள் எஸ்கேப். ‘ஆர்த்தோகனல் டிசைன்’படி 9 கார்டு போதும். பிடிச்ச வரிசையில அடுக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு அம்சத்துக்கும் எவ்வளவு மார்க்குனு கணக்குல பிரிச்சுடலாம். பெரிய பேட்டரி ஏத்துற மார்க்கை 2,000 ரூபாய் விலை உயர்வு அப்படியே இறக்குதுன்னா, அவருக்கு அந்த பேட்டரியோட மதிப்பு 2,000 ரூபாய்!

இன்னும் கடை மாதிரியே இருக்கணுமா? ரெண்டு மூணு கார்டைக் காட்டி, ‘எதை வாங்குவீங்க? இல்ல, எதுவுமே வேணாமா?’னு கேளுங்க. இது ‘சாய்ஸ் எக்ஸ்பெரிமென்ட்’. அந்த ‘வேணாம்’ ரொம்ப முக்கியம். வாங்காம திரும்பி வர்றவரும் கஸ்டமர்தானே!

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, நல்ல கேமராவோட பெரிய பேட்டரியும் சேர்ந்தா தனி மவுசு உண்டானு அந்த 9 கார்டு சொல்லாது. ரெண்டு, கார்டைத் தொடுறவர் பர்ஸைத் தொடலை. அதனால 2,000-னு வந்தா, நிஜத்துல குறையலாம்னு ரிப்போர்ட்லயே எழுதிடுங்க. வைவாவுல அந்தக் கேள்வி வர்றதுக்குள்ள நீங்க முந்திக்கலாம்!