சாவியைக் கதவுக்குக் கீழே வைத்துவிட்டார்களாம்!

போன மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள எமது கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். அவருடைய வாப்பாவும் நானும் ஒரே காலத்தில் கறுவா வியாபாரத்தில் இறங்கியவர்கள். மகன் இப்போது பிரான்ஸுக்கு மிளகும் கறுவாவும் அனுப்புகிறார். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். அங்குள்ள தரகர் பிரெஞ்சில் எழுதியதை இங்கு யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மாமா, நம்மட சாமான் வாங்குற கம்பனி பெலன்ஸ் ஷீட் ஒப்படைச்சிருக்காம். கணக்கு வழக்கு சரியா வச்சிருக்கிற ஆக்கள் போல. ரெண்டாவது லொட்டையும் அறுபது நாள் கடனுக்கு அனுப்பலாம் தானே?" என்றார்.

நான் அவரை உட்காரச் சொல்லி ஒரு பிளேன்டீ வரவழைத்தேன். முதலாவது லொட்டுக்குக் காசு வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

விசயம் இதுதான். எமது நாட்டில் ஒழுங்கான கம்பனிதான் வருடாவருடம் ஐந்தொகையை ஒப்படைக்கும். அது நல்ல சகுனம். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஒரு கம்பனியைப் பற்றி 'தெப்போசே லு பிலான்' என்று சொன்னால், சொல்லுக்குச் சொல் ஐந்தொகையை ஒப்படைத்தான் என்று வந்தாலும், கருத்து வேறு. கடன்களைக் கட்ட இனி வழியில்லை என்று நீதிமன்றத்தில் கையை விரித்துவிட்டான் என்பதே அதன் அர்த்தம். நொடித்துப்போன வியாபாரி தன் கணக்கைக் கொண்டுபோய் வணிக நீதிமன்றத்தில் வைப்பது அங்கு பழைய முறை. இன்றைய சட்டத்தில் அதற்குப் பெயர் வேறு. கொடுப்பனவு நின்று 45 நாட்களுக்குள் அதை அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் கடைத்தெரு வாயில் பழைய பேச்சுத்தான் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை 'ஃபைல்ட் ஃபோர் இன்சோல்வன்சி' என்று எழுதியிருந்தால் அந்த வாலிபர் சந்தோசமாக வந்திருக்க மாட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே இதே பள்ளத்தில் விழுந்து எழும்பியவன்.

2003ஆம் வருடம் ஜூலை மாதக் கடைசி. லியோன் நகரத்தில் ஒரு கம்பனிக்கு ஒரு இருபதடிக் கொள்கலன் கறுவா தயாராக இருந்தது. மார்செய் தரகரிடமிருந்து பெக்ஸ் வந்தது. அக்காலத்தில் எமக்குக் கடிதம் பெயர்த்துத் தந்தவர் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன். அவர் எழுதித் தந்த ஆங்கிலத்தில், லியோன் கம்பனி 'சாவியைக் கதவுக்குக் கீழே வைத்துவிட்டது' என்று இருந்தது. நான் யோசித்தேன். பிரான்ஸில் ஓகஸ்ட் மாதம் பாதி நாடே லீவில் போய்விடும், கடைகளும் தொழிற்சாலைகளும் கதவைப் பூட்டிவிடும். இது வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே அவர்களும் லீவுக்குப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், கப்பல் போய்ச் சேர மூன்று கிழமைக்கு மேல் எடுக்கும், செப்டம்பரில் கதவைத் திறக்கும்போது சாமான் வாசலில் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான்! பிரெஞ்சில் சாவியைக் கதவுக்குக் கீழே வைப்பதென்றால் கடையை ஒரேயடியாக இழுத்து மூடிவிட்டுப் போவது. பாக்கி வைத்த குடித்தனக்காரன் வீட்டுக்காரனின் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் தள்ளிவிட்டுப் போவதைப் போல.

கொள்கலன் மார்செய்யில் இறங்கியது. ஆவணங்களை எடுக்க ஆளில்லை. துறைமுக வாடகை நாளுக்கு நாள் ஏறியது. கடைசியில் அதே தரகர் இன்னொருவருக்கு அதை விற்றுத் தந்தார். என்ன விலைக்கு என்று அவர் எழுதியிருந்ததும் ஒரு பிரெஞ்சுப் பேச்சுத்தான்: 'ஒரு வாய் ரொட்டிக்கு.' அதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. பாடசாலையில் படித்த ஆங்கிலத்தோடு கடைக்கு வந்தவன். ஆனால் அந்த நட்டத்துக்குப் பிறகு ஒரு கொப்பி வாங்கி, கடிதங்களில் வரும் இப்படியான பேச்சுகளை, தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வந்தேன். அதில் நான் கண்டது ஒன்று. கேட்டவுடன் சிரிப்பு வரும் பேச்சு எம்மை ஏமாற்றாது. ஒருவன் 'முயல் வைத்தான்' என்றோ, சாமானுக்கு 'தலையிலுள்ள கண்கள் விலை' என்றோ எழுதினால், இதில் வேறேதோ இருக்கிறது என்று நாமே விசாரிப்போம். (முதலாவது, வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் விட்டான் என்பது. மற்றது யானை விலை.) ஒரு கம்பனிக்குச் 'சிறுநீரகம் உறுதி' என்று வந்தால் யாரும் வைத்தியரைத் தேட மாட்டார்கள், நாம் முதுகெலும்பு உள்ளவன் என்கிறோமே, அதுபோலக் காசுப் பலம் உள்ளவன் என்று விளங்கிக்கொள்வார்கள். எம்மைக் கொல்வது, சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் சரியானது போலவே நிற்கும் பேச்சுத்தான்.

'பலகையில் ரொட்டி இருக்கிறது' என்று ஒருவர் எழுதுகிறார். படிப்பவர் என்ன நினைப்பார்? கையிருப்பு தாராளமாக இருக்கிறது, இப்போதைக்கு எமது சாமான் வேண்டாம் போலும் என்று நினைப்பார். பழைய பிரெஞ்சில் ஏறக்குறைய அந்தக் கருத்துத்தான் இருந்தது, உழைக்காமலே சாப்பிட இருக்கிறது என்று. இன்றைக்கு அர்த்தம் தலைகீழ்: தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. வேலை குவிந்திருக்கும் வாடிக்கையாளரை, ஓடர் இல்லாதவர் என்று நாம் கைவிட்டுவிடலாம்.

இன்னொன்று 'ஒரு சைகை காட்டுங்கள்' என்பது. ஆங்கிலத்தில் 'ஜெஸ்சர்' என்று அப்படியே போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எமது ஆட்கள் நன்றி சொல்லி ஒரு கடிதமோ ஒரு தேயிலைப் பெட்டியோ அனுப்பிவைப்பார்கள். அவர் கேட்பது விலையில் கழிவு! இதே பேச்சைத் தெருவில் நாம் 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க நாநா' என்போம். சில பேச்சுகளில் பிரெஞ்சு எமக்கு ஆங்கிலத்தைவிடக் கிட்ட நிற்கிறது. 'வாடிக்கையாளரின் தலையைப் பார்த்து' விலை சொல்கிறான் என்பார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வது என்று எமது கடைத்தெருவிலும் அதே பேச்சு உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியமே எழுத வேண்டும். சூடுபட்ட பூனை பச்சைத் தண்ணீருக்கும் பயப்படும் என்பது அவர்கள் பழமொழி. எமது பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. பார்க்காமல் பொருள் வாங்குவதற்கு ஆங்கிலேயன் சாக்குக்குள் பன்றி வாங்குவதாகச் சொல்வான், பிரெஞ்சுக்காரன் பைக்குள் பூனை என்பான். எமது சகோதரர்களுக்குப் பூனையே போதும்.

இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பழமொழிக்கு இன்னொரு பழமொழியை நிறுத்துவார்கள். கரடியைக் கொல்லுமுன் தோலை விற்காதே என்பதற்கு, பொரிக்குமுன் குஞ்சை எண்ணாதே என்ற ஆங்கிலப் பேச்சைப் போடுவார்கள். புத்தகத்துக்கு அது அழகு. லா ஃபொன்தேன் 1668இல் வெளியிட்ட கதைகளில் அந்தக் கரடி இருக்கிறது. இரண்டு பேர் உயிரோடிருக்கும் கரடியின் தோலை விலைபேசி விற்றுவிடுகிறார்கள். லண்டன் பங்குச் சந்தையில், கையில் இல்லாத பங்கை விற்பவனுக்குக் கரடி என்ற பெயர் வந்ததும் இப்படியான ஒரு பழமொழியிலிருந்துதான் என்பார்கள். ஆனால் வியாபாரக் கடிதத்தில், 'கையில் வராத சாமானை விற்றுவிட்டான்' என்று எழுதுவதே மேல். அந்த ஆங்கிலத்தைப் படிக்கப்போகிறவர் லண்டன்காரர் அல்லர். கொழும்பு வங்கி உத்தியோகத்தரும் காப்புறுதிக்காரரும் நானும்தான். எங்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் இரவல் மொழி. சாவிக்குப் பதிலாக 'சுவருக்குப் போனான்' என்று நல்ல ஆங்கில மரபுத்தொடரைப் போட்டிருந்தாலும் 2003இல் எனது கொள்கலன் போயிருக்கும். 'கோன் அவுட் ஒஃப் பிஸ்னஸ்' என்ற நாலு சொல் அதை நிறுத்தியிருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பேன். 'வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டும் உங்களுக்கு' என்று ஒருவர் எழுதினால், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று எம்மைக் குத்துகிறார். அதை 'இரண்டு நிபந்தனையையும் ஏற்க இயலாது' என்று வழுவழுப்பாகப் பெயர்த்தால், மனிதர் கோபத்தில் இருக்கிறார் என்பது எமக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த கடிதத்தில் உறவையே முறிப்பார். கோபத்தையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும்.

இப்போது கைத்தொலைபேசியே நொடியில் மொழிபெயர்க்கிறது. பிரபலமான பழமொழிகளைச் சரியாகவும் சொல்கிறது. நானும் பாவிக்கிறேன். ஆனால் காசு சம்பந்தப்பட்ட வசனத்துக்குப் பக்கத்தில் மூல பிரெஞ்சுச் சொற்களையும் எழுதித் தரச் சொல்வேன். சந்தேகமென்றால் தரகருக்கு ஒரு கோல் எடுத்து, "இவன் காசு தருவானா, மாட்டானா?" என்று நேராகக் கேட்பேன். கொள்கலன் கூலியோடு பார்த்தால் அந்தக் கோல் மலிவு.

அந்த வாலிபருக்கு வருவோம். இரண்டாவது லொட்டை நிறுத்தினோம். முதலாவது லொட்டின் காசுக்கு, கடன் கோரிக்கையை நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். வழக்கு ஆரம்பித்த செய்தி 'போதாக்' என்னும் அரச வர்த்தக அறிவித்தல் இதழில் வந்த நாளிலிருந்து பிரான்ஸிலுள்ளவர்களுக்கு இரண்டு மாதம், எம்மைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான்கு மாதம் தவணை. தரகரிடம் கேட்டுத் திகதியை எடுத்தோம். மூன்று மாதமும் பத்து நாளும் போயிருந்தது. நல்ல செய்தி என்று நினைத்து அவர் அந்தக் கடிதத்தை மேசை லாச்சியில் வைத்திருந்த நாட்களும் அதற்குள் அடக்கம். பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு, இன்வொய்ஸ் கோப்பை எடுக்க ஓடினார்.