அலுவலர் கையில் செல்போன், வயலில் யார்?



உங்க ஊருக்கு வர்ற உதவி வேளாண்மை அலுவலர் கடைசியா எப்போ உங்க வரப்புல வந்து நின்னார்? நின்னப்போ அவர் பார்த்தது பயிரையா, கையில இருந்த செல்போனையா?

அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. அவர் போனில் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் வாங்கிப் பாருங்கள், பாவமாக இருக்கும். விவசாயிகளுக்கு 11 இலக்க அடையாள எண் பதிய வேண்டும். அதற்கு ஆதார், பட்டா, ஓடிபி. ஓடிபி போகிற நம்பரோ திருப்பூரில் வேலை செய்யும் மகனிடம் இருக்கும். மானிய விதை கொடுத்தால் அதற்கொரு பதிவு. செயல்விளக்கத் திடல் போட்டால், இடம் தெரிகிற மாதிரி போட்டோ. சாயங்காலம் ஆனால் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வரும்: "இன்னைக்கு எத்தனை முடிஞ்சுது?"

எத்தனை பதிவு என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை வயலில் பூச்சி பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நம்ம வருத்தமே இங்கதான்.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் மே மாதம் கர்நாடகாவில் அமெரிக்கப் படைப்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டையே அது மேய்ந்துவிட்டது. தலையில் தலைகீழாகப் போட்ட ஆங்கில 'ஒய்' மாதிரி ஒரு கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. சாதாரண செல்போன் போட்டோவிலேயே தெரிகிற அடையாளம்தான். சின்னப் புழு இலையைச் சுரண்டுகிற நாட்களிலேயே பார்த்துவிட்டால் பயிரைக் காப்பாற்றலாம். குருத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்து அதன்மேல் படுவதே கஷ்டம். அப்புறம் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அடித்துவிட்டு, கடனை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

செல்போனுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு ஊரில் முதல் புழு தெரிந்த அன்றே பக்கத்துப் பத்து ஊருக்கும் அந்தப் படம் போய்ச் சேர வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று தமிழில் குரல் பதிவாக வர வேண்டும். பூச்சியைப் படம் எடுத்தால் அடையாளம் சொல்லும் செயலியை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் கொண்டுவந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் மருந்து அடிக்கிற அளவுக்குச் சேதம் இருக்கிறதா, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா என்பதை, செடியைப் பிரித்துப் பார்த்த மனுசர்தான் சொல்ல முடியும்.

உழவன் செயலி 2018 ஏப்ரலில் வந்தபோது, அதில் இருந்த சேவைகளில் ஒன்று 'உதவி வேளாண் அலுவலர் வருகை'. அவர் என்றைக்கு எந்த ஊருக்கு வருவார் என்று விவசாயி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். யோசனை அருமை. ஆனால் வருகிற ஆளை வரவிடாமல் பதிவு வேலையில் கட்டிப்போட்டுவிட்டு, வருகைப் பட்டியலை மட்டும் போனில் காட்டி என்ன செய்வது?

2024 நவம்பரில் மின்னணு பயிர்க் கணக்கெடுப்புக்காக, படித்துக்கொண்டிருந்த வேளாண் கல்லூரி மாணவர்களைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பினார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணாகப் போய்ப் படம் எடுக்க வேண்டிய வேலை. ஆளே இல்லாமல் தொழில்நுட்பத்தை மட்டும் கொண்டுவந்தால் இப்படித்தான் முடியும்.

அதனால் நாம் கேட்பது இது. ஒரு விவரத்தை ஒரே முறை பதிந்தால் போதும், மற்ற செயலிகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். பதிவு வேலைக்குத் தனியாக ஆள் போடுங்கள், வேளாண்மை படித்தவரை வயலுக்கு விடுங்கள். அரசு வேலைக்கான போனும் டேட்டாவும் அரசு செலவில் இருக்கட்டும். காலியிடங்களை நிரப்புங்கள். விவசாயி அனுப்பும் படத்துக்கு ஒரே நாளில் பதில் போனதா என்பதையும் அந்த வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. இந்தப் பதிவெல்லாம் பட்டாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு ஓட்டுகிறவர் பெயர் எந்தச் செயலியில் வரும்? உழுகிறவர் ஒருத்தர், எச்சரிக்கைச் செய்தி போவது சென்னையில் இருக்கும் நிலக்காரர் போனுக்கு. புழு யார் பயிரைத் தின்னும்?

இப்போ நீங்க சொல்லுங்க. உங்க ஊர் உதவி வேளாண்மை அலுவலர் நம்பர் உங்க போன்ல இருக்கா? (நம்பரைக் கமென்ட்ல போட்டுடாதீங்க, 'இருக்கு', 'இல்லை' போதும்.) ஊர் பேரு, என்ன பயிர், அவர் கடைசியா எந்த மாசம் வயலுக்கு வந்தார்னும் எழுதுங்க. வர்றவர் நல்லா வேலை பார்த்தா அதையும் எழுதுங்க. எல்லாத்தையும் வட்டாரவாரியாத் தொகுத்து, கலெக்டர் அலுவலகத்துல நடக்குற அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல நம்ம மாவட்டப் பொறுப்பாளர்கள் மனுவாக் கொடுப்பாங்க.